அடுத்தவர் இடத்தில் அடிபட்டால் இழப்பீடு கேட்க முடியுமா?

என் சித்தி ஒரு கல்யாண மண்டபத்தில் விழுந்தார். பந்தி முடிந்து கை கழுவப் போன இடம். வழவழப்பான டைல்ஸ் தரை, அதன்மேல் முந்தைய இரண்டு பந்திக்காரர்கள் சிந்திவிட்டுப் போன தண்ணீரும் ரசமும் பாயசமும். கால் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன், உள்ளே தகடு, மூன்று மாதம் படுக்கை.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் பேசினார்கள். "நேரம் சரியில்லை." "பட்டுப்புடவை கட்டிக்கிட்டு பார்த்து நடக்க வேணாமா?" "பெரிய கண்டம், இதோட போச்சுன்னு நினைச்சுக்கோ." மண்டபத்துக்காரரைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஒரு நாளில் ஆயிரம் பேர் கை கழுவும் தரையைத் துடைக்க ஓர் ஆளைப் போட்டிருக்க வேண்டாமா என்ற கேள்வி எனக்கு வெகு காலம் கழித்துத்தான் வந்தது. அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் ஏற்கெனவே பதில் இருக்கிறது என்பது அதற்கும் பிறகுதான் தெரிந்தது.

பதில் எளிமையானது. ஓர் இடத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர், அங்கே வருகிறவர்களுக்கு அடிபடாத அளவுக்கு அந்த இடத்தை நியாயமான பாதுகாப்போடு வைத்திருக்க வேண்டும். அதில் அவர் தவறி, அந்தத் தவறால் ஒருவர் காயப்பட்டால், ஆகும் இழப்பை அவர்தான் ஈடுசெய்ய வேண்டும்.

இந்த வாக்கியத்தில் இரண்டு சொற்களைக் கவனியுங்கள். ஒன்று, "கட்டுப்பாடு". பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்பது முதல் கேள்வி இல்லை. அந்த இடத்தை யார் நடத்துகிறார், பூட்டும் சாவியும் யாரிடம், பழுதுபார்க்கும் அதிகாரம் யாருக்கு என்பதுதான் முதல் கேள்வி. கட்டடம் ஒருவருடையதாக இருக்கலாம், அதை வாடகைக்கு எடுத்து மண்டபம் நடத்துகிறவர் வேறொருவராக இருக்கலாம். ஈரத் தரைக்கு நடத்துகிறவர் பதில் சொல்ல வேண்டும். கூரை இடிந்து விழுந்தால் கட்டட உரிமையாளரும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பில் படிக்கட்டும் லிஃப்டும் பொதுவானவை. அவற்றைப் பராமரிக்கும் சங்கத்தையே கேட்க வேண்டும்.

இன்னொன்று, "நியாயமான". எந்தச் சூழ்நிலையிலும் யாருக்கும் எதுவும் ஆகாது என்று எவராலும் உத்தரவாதம் தர முடியாது, சட்டமும் அதை எதிர்பார்க்கவில்லை. பொறுப்புள்ள ஒருவர் முன்கூட்டியே யோசித்திருக்கக்கூடிய ஆபத்தா, அதைத் தடுக்க அவர் செய்திருக்கக்கூடியதைச் செய்தாரா என்றுதான் கேட்கிறது. விழுந்தவர்கள் எல்லோருக்கும் பணம் கிடைக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பட்டப்பகலில், காய்ந்த தரையில், தன் கால் தடுக்கித் தானே விழுந்தால் அது யாருடைய தவறும் இல்லை.

இங்கிலாந்தில் இதற்கென்றே 1957-இலும் 1984-இலும் இரண்டு சட்டங்கள் இயற்றினார்கள். முதலாவது, முறையாக உள்ளே வருகிறவர்களுக்கானது. இரண்டாவது, பெரும்பாலும் அனுமதியில்லாமல் நுழைகிறவர்களைப் பற்றியது. இந்தியாவில் அப்படித் தனிச் சட்டம் கிடையாது. ஒருவர் தவறால் இன்னொருவருக்கு ஏற்படும் இழப்பை ஈடுசெய்ய வைக்கும் தீங்கியல் சட்டம் எனப்படும் பழைய வழக்குமன்ற மரபிலிருந்தும், இத்தனை ஆண்டுகளில் வந்த தீர்ப்புகளிலிருந்தும் நம் நீதிமன்றங்கள் இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்கின்றன. அதனால் இங்கே சட்டப் புத்தகத்தில் ஒரு பிரிவைத் தேடுவதைவிட, நடந்த வழக்குகளைத் தெரிந்துகொள்வதே விஷயம் புரிய நல்ல வழி.

டெல்லி சாந்தினி சௌக்கில் நகர மண்டபத்துக்கு எதிரே ஒரு மணிக்கூண்டு இருந்தது. நெரிசலான கடைத்தெரு. ஒரு நாள் அது இடிந்து விழுந்து ஆட்கள் இறந்தார்கள். அதில் மூன்று பேரின் குடும்பங்கள் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டன. கட்டடத்துக்குள் இருந்த பழுது வெளியே தெரியவில்லை, தெரியாததற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு என்றது மாநகராட்சி. 1966-இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. மணிக்கூண்டின் வயது சுமார் 80. அதில் பூசியிருந்த சாந்துக்கு ஆயுள் 40, 45 ஆண்டுகள்தான் என்று பொறியாளரே சாட்சி சொன்னார். ஆயுள் தாண்டிய கட்டடத்தை ஜனநெருக்கமுள்ள தெருவில் வைத்திருப்பவர், அதை அவ்வப்போது முறையாகச் சோதித்துப் பார்த்திருக்க வேண்டாமா? பழுது கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொல்வதற்கு முன், கண் வைத்துப் பார்த்தீர்களா என்ற கேள்வி வருகிறது.

அந்தத் தீர்ப்பில் சாதாரண மக்களுக்கு மிகவும் உதவக்கூடிய இன்னொரு விஷயம் உண்டு. வழக்குப் போடுகிறவர்தான் எதிராளியின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. ஆனால் மணிக்கூண்டுகள் தாமாக இடிந்து விழுவதில்லை. ஒழுங்காகப் பராமரித்தால் நடக்கவே நடக்காத ஒன்று நடந்திருக்கிறது, அந்தப் பொருளும் முழுக்க எதிராளியின் கையில் இருந்தது என்றால், நடந்த சம்பவமே சாட்சி. தன்மேல் தவறு இல்லை என்று காட்டும் வேலை அப்போது எதிராளியுடையதாகிறது. லிஃப்ட் அறுந்து விழுவது, கடைப் பெயர்ப்பலகை தலையில் விழுவது போன்றவற்றுக்கு இந்த விதி கைகொடுக்கும்.

எல்லாத் தீர்ப்பும் இப்படிப் போகவில்லை. குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒருவர் ரயில்நிலையத்திலிருந்து அலுவலகத்துக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார். சாலையோர மரம் மேலே விழுந்து இறந்துபோனார். கீழ் நீதிமன்றத்தில் குடும்பம் ஜெயித்தது. ஆனால் 1997-இல் உச்ச நீதிமன்றம் மாநகராட்சி பொறுப்பல்ல என்று தீர்ப்பளித்தது. ஊரில் உள்ள ஒவ்வொரு மரத்தையும் சோதித்துக்கொண்டே இருக்கும் சுமையை ஒரு மாநகராட்சிமேல் ஏற்ற முடியாது, விழப்போகிறது என்று முன்கூட்டித் தெரிய வாய்ப்பும் இல்லை என்பது அதன் போக்கு. எனக்கு இந்தத் தீர்ப்பு இன்றும் மனசுக்கு ஒப்பவில்லை. இழப்பு முழுவதையும் அந்தக் குடும்பம் மட்டுமே சுமக்கும்படி ஆனது. ஆனாலும் மணிக்கூண்டையும் மரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், "முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய ஆபத்தா" என்ற கேள்வி எவ்வளவு தூரம் ஒரு வழக்கைத் திருப்பும் என்பது விளங்கும். மரம் பட்டுப்போய் நின்றிருந்து, தெருக்காரர்கள் நாலு தடவை மனுக் கொடுத்திருந்தால் கதையே வேறு. அதனால்தான் ஆபத்தான சுவரையோ மரத்தையோ பார்த்தால் எழுத்தில் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ரசீதை வாங்கி வையுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். எங்களுக்குத் தெரியாதே என்று பிறகு யாரும் சொல்ல முடியாது.

சரி, ஈரத் தரைக்கு வருவோம். இங்கிலாந்தில் 1976-இல் தீர்ப்பான ஒரு வழக்கு இதற்கு நல்ல உதாரணம். டெஸ்கோ சூப்பர்மார்க்கெட்டில் ஒரு பெண்மணி தரையில் கொட்டிக் கிடந்த தயிரில் வழுக்கி விழுந்தார். அது எவ்வளவு நேரமாகக் கிடந்தது என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஒரு நிமிடம் முன்பு யாரோ கொட்டியிருக்கலாம் அல்லவா? அப்படியானால் கடைக்காரர் என்ன செய்வார்? ஆனால் அந்தப் பெண்மணி மூன்று வாரம் கழித்து அதே கடைக்குப் போனபோது, கொட்டிய பழச்சாறு கால்மணி நேரமாக யாரும் கவனிக்காமல் கிடந்ததைப் பார்த்திருந்தார். தரையில் பொருள்கள் கொட்டுவது அங்கே வாடிக்கை, அதை உடனுக்குடன் சுத்தம் செய்யும் ஏற்பாடு இருந்தது என்பதைக் கடைதான் காட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். கடையால் காட்ட முடியவில்லை. கிடைத்த தொகை 137 பவுண்டு 50 பென்ஸ்தான். ஆனால் அந்த வாதத்தின் மதிப்பு பெரிது. கல்யாண மண்டபத்தில் கை கழுவும் இடம் நனையும் என்பது யாருக்குத் தெரியாது? தெரிந்தபின் அங்கே சொரசொரப்பான தரையோ, ரப்பர் விரிப்போ, துடைக்க ஓர் ஆளோ இல்லையென்றால், அதை எப்படி விபத்து என்று மட்டும் சொல்வது?

நம் நாட்டில் இந்தப் பொறுப்பை மிகப் பெரிய அளவில் பேசிய வழக்கு உப்ஹார் திரையரங்குத் தீ. 1997 ஜூன் 13, டெல்லி. கீழே கார் நிறுத்துமிடத்தில் மின்வாரிய டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தீ கிளம்பியது. பால்கனியில் இருந்தவர்கள் வெளியேற முடியாமல் புகையில் மூச்சுத் திணறினார்கள். 59 பேர் இறந்தார்கள். கூடுதல் இருக்கைகள் போடுவதற்காக வெளியேறும் வழி ஒன்று அடைக்கப்பட்டிருந்தது. டிக்கெட் விற்ற காசுக்காக வாசலை மறித்தார்கள் என்பதை எப்போது நினைத்தாலும் நெஞ்சு பதைக்கிறது. உச்ச நீதிமன்றம் 2011-இல், 20 வயதுக்கு மேற்பட்டவர் இறந்திருந்தால் 10 லட்சம், அதற்குக் கீழ் 7.5 லட்சம், காயமடைந்தவர்களுக்கு ஒரு லட்சம் என்று நிர்ணயித்தது. திரையரங்கு நடத்தியவர்கள் 85 சதவீதமும், மின்வாரியம் 15 சதவீதமும் தர வேண்டும் என்றது. உயர் நீதிமன்றம் கொடுத்ததைவிட இது குறைவு. அதுவும் 14 ஆண்டுகள் கழித்து. பொறுப்பைப் பலருக்கிடையே பங்கு பிரிக்க முடியும் என்பதை இதில் பார்க்கலாம்.

அழைப்பில்லாமல் உள்ளே வந்தவருக்கு அடிபட்டால்? மரபுச் சட்டம் வருகிறவர்களை மூன்றாகப் பிரித்துப் பார்த்தது. வியாபார நோக்கத்தோடு வரவேற்கப்படுகிற வாடிக்கையாளர், அனுமதியோடு வரும் விருந்தாளி, அத்துமீறி நுழைகிறவர். முதலாமவருக்குக் காட்ட வேண்டிய அக்கறை அதிகம், கடைசியானவருக்குக் குறைவு. குறைவு என்றால் இல்லவே இல்லை என்று அர்த்தமில்லை. பீகாரில் ஒருவர், பக்கத்து வீட்டார் தன் கழிப்பறையைப் பயன்படுத்துவதைத் தடுக்க, அதற்குப் போகும் வழியில் மின்சாரம் பாயும் வெறும் கம்பியைக் கட்டி வைத்தார். பக்கத்து வீட்டுக் கழிப்பறைச் சுவர் ஒரு வாரத்துக்கு முன்புதான் இடிந்திருந்தது. அங்கிருந்து வந்த ஒரு பெண் கம்பி பட்டு இறந்துபோனார். அத்துமீறி வந்தவர்தானே, என் சொத்தைக் காக்க எனக்கு உரிமை இல்லையா என்று கம்பி கட்டியவர் வாதிட்டார். 1963-இல் உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்து, மரணம் விளைவித்த குற்றத்துக்கான தண்டனையை உறுதி செய்தது. அத்துமீறி நுழைந்தவர் என்பதற்காக ஒருவரைச் சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே தள்ளிவிட முடியாது, வேண்டுமென்றே பொறி வைக்கும் உரிமை யாருக்கும் கிடையாது. காட்டுப்பன்றிக்கு என்று வயலைச் சுற்றிக் கள்ளத்தனமாகக் கரண்டு கம்பி இழுக்கிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கம்பியில் ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போகும் பக்கத்துக் காட்டுக்காரரும் சாகலாம்.

மின்சாரம் என்றதும் இன்னொன்று. மத்தியப் பிரதேசத்தில் மழை இரவில் சைக்கிளில் வேலை முடிந்து வந்த ஒருவர், சாலையில் அறுந்து கிடந்த மின்கம்பியில் ஏறி இறந்தார். யாரோ கொக்கி போட்டுத் திருடியதால் கம்பி விழுந்தது என்றது மின்வாரியம். இவ்வளவு ஆபத்தான பொருளைக் கையாள்கிறவர், தன் கவனக்குறைவு இல்லாவிட்டாலும் பொறுப்பு என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சாதாரண இடங்களுக்கும் அபாயகரமான பொருளுக்கும் உள்ள வித்தியாசம் இது.

குழந்தைகள் விஷயத்தில் சட்டம் இன்னும் கண்டிப்பு. பெரியவர்கள் விலகிப் போகும் ஆபத்து, குழந்தைக்கு விளையாட்டுப் பொருளாகத் தெரியும். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துத் தாவரவியல் பூங்காவில் ஏழு வயதுச் சிறுவன் பளபளவென்று தொங்கிய விஷப் பழத்தைப் பறித்துத் தின்று இறந்தான். குழந்தைகள் வந்துபோகும் இடத்தில், வேலியும் எச்சரிக்கையும் இல்லாமல் அப்படி ஒரு செடியை வைத்த மாநகராட்சியை வழக்குக்குப் பதில் சொல்ல வைத்தது 1922-இல் வந்த தீர்ப்பு. நம் ஊர்களில் அந்தப் பழத்தின் இடத்தில் இருப்பது மூடாத ஆழ்துளைக் கிணறு. 2010-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு நெறிமுறைகளே வகுத்தது. கிணறு தோண்டும் முன் 15 நாள் முன்னதாக அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும், தோண்டும்போது அறிவிப்புப் பலகையும் முள்வேலியும் வேண்டும், குழாயின் வாயை இரும்புத் தகட்டால் மூட வேண்டும், கைவிட்ட கிணற்றை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண்ணும் கல்லும் போட்டு நிரப்ப வேண்டும். 

"சொந்தப் பொறுப்பில் வரவும்", "நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற பலகைகளைப் பார்த்துப் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். பின்வாங்க வேண்டியதில்லை. 1998-இல் டெல்லியின் தாஜ் மகால் ஹோட்டலில் வாடிக்கையாளர் நிறுத்தக் கொடுத்த கார் திருடு போனது. டோக்கனிலேயே "உரிமையாளரின் பொறுப்பில்" என்று அச்சிட்டிருக்கிறோம் என்றது ஹோட்டல். தன் கவனக்குறைவை அந்த வாசகத்தால் மறைத்துக்கொள்ள முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது காரைப் பற்றிய வழக்குதான். காருக்கே அப்படியென்றால், கை கால் முறிந்ததற்கு அந்தப் பலகை கேடயமாகும் என்று நான் நம்பவில்லை. "தரை ஈரமாக உள்ளது" என்று உண்மையாக எச்சரிக்கும் பலகை வேறு வகை. அதைப் பார்த்தும் ஓடி விழுந்தால், உங்கள் பங்குத் தவறுக்கு ஏற்ப இழப்பீடு குறையும்.

எவ்வளவு கேட்கலாம்? ஆஸ்பத்திரிச் செலவு, மருந்து, பார்த்துக்கொள்ள வைத்த ஆளின் சம்பளம், போக்குவரத்து, வேலைக்குப் போக முடியாத நாள்களின் வருமானம், இனி வரப்போகும் சிகிச்சை, நிரந்தர ஊனம், பட்ட வேதனை எல்லாம் கணக்கில் வரும். வீட்டுவேலை செய்கிறவருக்கு வருமானம் இல்லையே என்று ஒதுக்க முடியாது. 1989 மார்ச் 3-இல் ஜாம்ஷெட்பூரில் டாடா இரும்பாலையின் நிறுவனர் நாள் விழாவில் நடந்த தீ விபத்தில் 60 பேர் இறந்தார்கள். அந்த வழக்கில் 2001-இல் உச்ச நீதிமன்றம் இல்லத்தரசியின் உழைப்பை மாதம் 3,000 ரூபாய் என்று மதிப்பிட்டது. தொகை இன்றைக்குச் சின்னதாகத் தெரியும். ஆனால் சமைத்து, துவைத்து, குழந்தைகளைப் பார்த்துக்கொண்டதற்கு விலை உண்டு என்று நீதிமன்றம் எழுதி வைத்தது. என் சித்தி படுத்திருந்த மூன்று மாதம் அந்த வீடு எப்படித் தடுமாறியது என்று பார்த்தவன் என்பதால் எனக்கு அது பெரிய விஷயம்.

எங்கே போவது? காசு வாங்கிக்கொண்டு சேவை தரும் இடம் என்றால், அதாவது ஹோட்டல், மண்டபம், திரையரங்கு, தனியார் நீச்சல்குளம் போன்றவை என்றால், மாவட்ட நுகர்வோர் ஆணையம் எளிய வழி. சேவைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே கிடையாது. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். நான் விருந்தாளிதானே, மண்டபத்துக்குக் காசு கட்டியது பெண் வீட்டார்தானே என்று தயங்க வேண்டாம். பணம் கட்டியவரின் சம்மதத்தோடு அந்தச் சேவையை அனுபவிக்கிறவரும் நுகர்வோர்தான். மற்ற இடங்களுக்கு உரிமையியல் நீதிமன்றம். அரசை எதிர்த்து என்றால் முதலில் நோட்டீஸ் அனுப்பி இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். அரசுத் துறையின் தவறு அப்பட்டமாகத் தெரிந்தால் உயர் நீதிமன்றத்தில் நேரடியாக ரிட் மனு போட்டும் இழப்பீடு வாங்கியிருக்கிறார்கள். உயிரே போயிருந்தால் போலீஸ் வழக்கும் வரும், குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவின் 106-வது பிரிவு அதற்கானது. ஆனால் அது தண்டனைக்கான வழி, இழப்பீட்டுக்கான வழக்கு தனி.

பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடி மக்கள், மாற்றுத்திறனாளிகள் இவர்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் வைத்துத் தர வேண்டும். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம்.

ஆனால் எந்த நீதிமன்றத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது சாட்சியத்தைத்தான். ஈரத் தரை அரைமணி நேரத்தில் காய்ந்துவிடும். உடைந்த படியை மறுநாளே சிமெண்ட் பூசி மறைத்துவிடுவார்கள். விழுந்தவரைத் தூக்கிவிட்டதும் கூட இருப்பவர்களில் ஒருவர் செல்போனில் அந்தத் தரையை, கிட்டேயிருந்தும் தள்ளி நின்றும் படம் எடுக்க வேண்டும். போட்டிருந்த செருப்பைக்கூட எடுத்து வையுங்கள், தேய்ந்த செருப்பு என்று பிறகு சொல்வார்கள். பார்த்தவர்கள் இரண்டு பேரின் எண்ணை வாங்குங்கள். சிசிடிவி இருந்தால், பதிவை அழிக்காமல் வைக்கும்படி அன்றைக்கே எழுத்தில் கேளுங்கள், சில நாள்களில் தானாக அழிந்துவிடும். ஆஸ்பத்திரியில் எங்கே, எப்படி விழுந்தார் என்பதைச் சரியாகச் சொல்லிப் பதிய வைத்து, ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகல், வாங்குங்கள். "வீட்டில் வழுக்கி விழுந்தார்" என்று அவசரத்தில் எழுதிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. போலீஸில் புகார் கொடுத்தால், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். அப்புறம் ஒவ்வொரு பில்லும், டிஸ்சார்ஜ் சம்மரியும்.

கால வரம்பும் உண்டு. நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு. காயத்துக்கு உரிமையியல் நீதிமன்றத்தில் பொதுவாக மூன்று ஆண்டு. உயிரிழப்பு என்றால் குடும்பத்தார் வழக்குப் போட இரண்டு ஆண்டு. காயப்பட்டது குழந்தை என்றால் 18 வயது ஆகும்வரை இந்தக் கடிகாரம் ஓடத் தொடங்காது.

சித்தியிடம் பில்கள் எல்லாம் ஒரு மஞ்சப்பையில் பத்திரமாக இருந்தன. தரையைப் படம் எடுத்தவர் யாரும் இல்லை. மண்டபத்துக்காரருக்கு நோட்டீஸ் அனுப்பலாமா என்று நான் முதல்முறையாக ஒரு வக்கீலிடம் கேட்ட அன்று, சித்தி விழுந்து நாலு வருஷம் ஆகியிருந்தது.